ஒருத்தர் முழித்தால் போதும்

வயரைப் பிடித்துக்கொண்டே போனாள் மகள். ஆஸ்பத்திரி மானிட்டர் திரையின் பின்பக்கத்திலிருந்து புறப்பட்ட அது, கட்டிலின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் போர்வைக்குள் நுழைந்திருந்தது. போர்வைக்குள் கையை விட்டுத் தடவினாள். அப்பாவின் கை தட்டுப்பட்டது, சில்லென்றிருந்தது. வயர் அந்தக் கையில் முடியவில்லை. அதைத் தாண்டிப் போர்வையின் மறுபக்கம் வெளியே வந்து, கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் ஆள்காட்டி விரலில் போய் முடிந்தது.

திரையில் எல்லாம் பச்சை. கோடுகள் அலையலையாக ஓடின. ‘நோயாளி ஓய்வில் இருக்கிறார், தொந்தரவு வேண்டாம்’ என்று கீழே ஒரு வரி.

அப்பாவின் வாய் திறந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள் அவள். சாயங்காலப் பிள்ளைகளை ஏற்றப் போகும் முன்னால் அம்மாவுக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். இன்று கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். முகம் ஒன்று சொன்னது, திரை வேறொன்று சொன்னது. அதனால்தான் டீயைக் கீழே வைத்துவிட்டு வயரைப் பிடித்தாள்.

அப்பாவின் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அடப்பாவமே, இப்படியா போவது மனுஷன்? ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு சத்தம் எழுப்பாமல், பெண்டாட்டி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே!

அந்த வார்டே தம்பியின் தயவில் கிடைத்ததுதான். தம்பிக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. நோயாளியை இராப்பகலாகக் கவனிக்கிற புரோகிராம் எழுதுகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். அப்பாவைச் சேர்த்த அன்று கட்டில் பக்கத்தில் நின்று பெருமையாக விளக்கினான்.

“ஒரே புரோகிராம் இல்லப்பா. தனித்தனியா மூணு இருக்கு. நெஞ்சுல ஒட்டியிருக்கற வில்லையை ஒண்ணு பார்க்கும், இதயத் துடிப்புக்கு. விரல்ல மாட்டற கிளிப்பை ஒண்ணு பார்க்கும், ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு. மெத்தைக்கு அடியில ஒரு பட்டை இருக்கு, மூச்சு ஏறி இறங்கறதை அது பார்க்கும். மூணும் தங்களுக்குள்ள பேசிக்கும். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு, அது மூணு பேர் சொல்றதையும் கேட்டு முடிவு பண்ணி, வேணும்னாத்தான் நர்ஸைக் கூப்பிடும்.”

“எதுக்குடா பேசணும்? கத்த வேண்டியதுதானே?” என்றார் அப்பா.

“தொட்டதுக்கெல்லாம் கத்தினா நர்ஸுங்களுக்குக் காது மரத்துடும்ப்பா. புலி வருது கதைதான். அதுக்குத்தான் இந்தப் பஞ்சாயத்து.”

அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். “அப்போ மூணு வாட்ச்மேன், ஒரு சூப்பர்வைசர். காலம் போன காலத்துல ஒரு வாட்ச்மேனைக் காவல் காக்க நாலு பேரு! என்னைக் காவல் காத்து என்னடா கிடைக்கும்? களவாண்டு போறதுக்கு என்ன இருக்கு?”

அன்றைக்கே பெயரும் வைத்துவிட்டார். நெஞ்சுக்காரன், விரல்காரன், மெத்தைக்காரன். சூப்பர்வைசர், சூப்பர்வைசர்தான். “நெஞ்சுக்காரன் சரியில்ல, சும்மாச் சும்மாக் குலைக்கிறான்” என்பார். அதில் நியாயம் இருந்தது. அப்பாவுக்கு வியர்வை அதிகம். வில்லை ஒட்டிய இடம் தடித்து அரித்தது, அவர் சொறிய, வில்லை கழன்றுகொள்ள, நெஞ்சுக்காரன் இதயமே நின்றுவிட்டதுபோல அலறுவான். நர்ஸ் ஓடிவந்து ஒட்டிவிட்டு, “தாத்தா, கையைக் கட்டிப் போட்டுடுவேன்” என்று மிரட்டிவிட்டுப் போவாள். நாள் போகப் போக மற்ற இரண்டு பேரும் ‘ஆள் நல்லாத்தான் இருக்கார்’ என்று சொல்ல, சூப்பர்வைசர் நெஞ்சுக்காரன் பேச்சைக் காதில் வாங்குவதையே குறைத்துக்கொண்டது. அது தம்பி எழுதிய விதி. இரண்டு பேர் ஒத்துப்போனால் மூன்றாவது ஆள் கத்துவதை நம்பாதே. அந்த விதிக்காக ஆபீசில் அவனுக்குக் கைதட்டல்கூடக் கிடைத்ததாம்.

அப்பா வாட்ச்மேனாக வேலை பார்த்த கிடங்கிலும் விதிகள் உண்டு. நான்கு மூலையிலும் சுவரில் ஒரு பெட்டி. சுற்றி வரும்போது ஒவ்வொரு பெட்டியிலும் வாட்ச்மேன் தன் சாவியைப் போட்டுத் திருகவேண்டும். திருகினால்தான் முழித்திருந்தான் என்று கணக்கு. இரண்டு வாட்ச்மேன், இரண்டு சாவி. அப்பாவும் அவருடைய கூட்டாளியும் சீக்கிரமே ஒரு ஏற்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் தூங்க, மற்றவர் இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டு போய்த் திருகிவிட்டு வருவார். “ஒருத்தர் முழிச்சாப் போதும். ரெண்டு பேரும் முழிச்சு யாரைக் காப்பாத்தப் போறோம்?” என்பது அப்பாவின் சித்தாந்தம். அவர் இருந்தவரை கிடங்கில் ஒரு மூட்டை குறைந்ததில்லை. அதனால் அதைத் தப்பென்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால்கூட அதே பேச்சுதான். “நீ போய்ப் படு, ஒருத்தர் முழிச்சாப் போதும்.”

அப்படிப்பட்டவருக்கு விரலில் கிளிப் கடித்தால் என்ன தோன்றும்? விரல்கள் வீங்கி, நகத்தைச் சுற்றிச் சிவந்திருந்தன. கழற்றினால் திரை கத்தும். கத்தினால் நர்ஸ் வருவாள். “மாட்டிக்கங்க தாத்தா. தண்ணி பட விடாதீங்க, கழட்டாதீங்க, அசைக்காதீங்க.” பக்கத்தில் அம்மாவின் விரல் சும்மாத்தானே இருந்தது? அவர் கேட்டிருப்பார், அவள் நீட்டியிருப்பாள். கூட்டாளிக்கு ஒரு திருகு.

போன வாரம் ஒரு மத்தியானம் இவள் டீயோடு வந்தபோது, “இன்னைக்கு நிம்மதியாத் தூங்கினாருடி” என்று அம்மா சொன்னாள். அப்பா இவளைப் பார்த்துக் கண்ணடித்தார். கிழவன் கிழவிக்குள் ஏதோ ரகசியம் என்று இவளும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மத்தியான நேரத்துக் கணக்கெல்லாம் நன்றாக இருக்கிறது, இப்படியே போனால் அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டரும் சொன்னார். தம்பி இனிப்பு வாங்கி வந்து வார்டு முழுக்கக் கொடுத்தான்.

இப்போது அவள் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்தாள். விரலில் கிளிப். மெத்தையின்மேல் அம்மாவின் தலையும் தோளும் ஏறி இறங்கின. போர்வையை விலக்கிப் பார்த்தாள், நெஞ்சில் வில்லை சரியாகவே ஒட்டியிருந்தது. இன்று அது கழலவில்லை. நெஞ்சுக்காரன் இன்று உள்ளதைத்தான் கத்தியிருக்கிறான். விரல்காரனும் மெத்தைக்காரனும் அம்மாவைப் பார்த்துவிட்டு, ஆள் நன்றாகத் தூங்குகிறார் என்று சொல்லி அவன் வாயை அடைத்திருக்கிறார்கள்.

நர்ஸைக் கூப்பிடுகிற மணி சுவரில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் கை அங்கே போகவில்லை. அம்மாவின் விரலிலிருந்து கிளிப்பை மெல்ல எடுத்தாள். விரலில் பள்ளம் விழுந்திருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் மாட்டி விழுகிற பள்ளமில்லை அது. அம்மா புரண்டுகூடப் படுக்கவில்லை. எத்தனை நாள் தூக்கமோ. அப்பாவின் வீங்கிய விரலைத் தூக்கி அதில் மாட்டினாள். அதற்குப் பிறகுதான் மணியை அழுத்தினாள். அழுத்திவிட்டு, “அம்மா! அம்மா, எந்திரி!” என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

அப்போதுதான் திரை சிவந்தது. எல்லாக் காவல்காரர்களும் ஒரே குரலில் அலறினார்கள். அந்த நேரத்திலும் அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இப்ப கத்தி என்ன பிரயோஜனம், நாசமாப் போறவனுங்களா!

டாக்டர்கள் வந்தார்கள். நெஞ்சை அழுத்தினார்கள், ஊசி போட்டார்கள், மறுபடி அழுத்தினார்கள். அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். கடைசியில் பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றினார். “கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா…” என்று ஆரம்பித்துத் திரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மீதியை விழுங்கிக்கொண்டார்.

அப்பாவை மிரட்டுகிற அந்தச் சின்ன நர்ஸ் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். “நான் அங்க மேஜையிலதான் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கிட்டிருந்தேன். பச்சையாத்தாங்க இருந்துச்சு. கடைசி வரைக்கும் பச்சையாத்தான் இருந்துச்சு.”

மூச்சு வாங்க ஓடிவந்த தம்பி அதைக் கேட்டான். “உங்க தப்பு இல்ல சிஸ்டர்” என்றான். “எங்க தப்பு.” சொல்லிவிட்டு அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அம்மா அவன் தலையில் கை வைக்க வந்தவள், பாதியில் கையை இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

மறுநாள் வீடு முழுக்க ஜனம். வாடகை நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து பெஞ்சு வந்தது. செத்த வீட்டில் வாய்க்குப் பஞ்சமேது? அதுவும் சித்திக்கு. அம்மாவின் தங்கைதான், பாசம் இல்லாதவள் என்று சொல்லமுடியாது. ஆனால் மனதில் பட்டது தொண்டையில் நிற்காது.

“அவ்ளோ மெஷினு, அவ்ளோ வயரு. பெத்த அப்பன் போறதைக்கூடச் சொல்லலியேடா உன் மெஷினு? எங்க வீட்டு நாய்கூட ஆள் முடியலைன்னா ஊளை விடும்!”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். யாரோ “சும்மா இரு” என்று சித்தியை அதட்டினார்கள். நேற்றுவரை அவனைக் கம்ப்யூட்டர் மூளை என்று தூக்கிவைத்துப் பேசிய மாமா, இன்று அவன் பக்கத்தில் உட்காராமல் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

வேன்காரி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். ‘மெஷின் மேல தப்பில்ல’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் தம்பியின் தலை நிமிரும். ஆனால் அடுத்த கேள்வி வருமே, பிறகு யார் மேல் என்று? அந்தக் கேள்வி போய் எங்கே நிற்கும்? அதோ, அப்பாவின் தலைமாட்டில், அழக்கூட அழாமல், ஒரு கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளிடம் போய் நிற்கும். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. திரும்பத் திரும்பப் போய் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள். கேட்காதவர்களுக்கும் கொடுத்தாள்.

அம்மா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கிளிப்பை யார் எடுத்து மாட்டினார்கள் என்று கேட்கவில்லை. தூங்கும்போது தன் விரலில் இருந்தது, விழித்தபோது அவர் விரலில் இருந்தது. அவளுக்குத் தெரியாதா என்ன? ஒரே ஒரு தடவை, கூட்டத்தினூடே, இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. அம்மாதான் முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பாவைக் கொண்டுபோய்விட்டு வந்தாயிற்று. நாற்காலிக்காரன் வந்து நாற்காலிகளை அடுக்கி ஏற்றிக்கொண்டு போனான். சித்திகூடக் கிளம்பிவிட்டாள், கிளம்பும்போது அக்காவைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் போனாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தம்பி பின்வாசல் படியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைத் திறந்திருந்தானே தவிர, அவன் பார்வை மதில் சுவரில் இருந்தது.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மூடி வையேன்டா அதை. இன்னைக்குமா?”

“பார்த்து முடிச்சுட்டேன்க்கா.”

“என்னத்த பார்த்தே?”

“நெஞ்சுக்காரன் சொல்லியிருக்கான்.” அப்பா வைத்த பெயர் அவன் வாயில் இயல்பாக வந்தது. “விடாம சொல்லியிருக்கான்க்கா. நின்னுடுச்சு, நின்னுடுச்சுன்னு. மத்த ரெண்டு பேரும் இல்லைன்னுட்டாங்க. சூப்பர்வைசர் கேட்டுட்டு, வில்லை கழண்டிருக்கும், சாயங்காலம் ஒட்டிக்கலாம், நர்ஸைத் தொந்தரவு பண்ண வேணாம்னு முடிவு பண்ணிடுச்சு.” திரையை விரலால் தட்டினான். “அப்படி முடிவு பண்ணச் சொல்லிக் குடுத்தவன் நான்தான்.”

அவள் லேப்டாப்பை மூடக் கை நீட்டினாள், அவன் விடவில்லை.

“ஒண்ணுதான்க்கா இடிக்குது. அந்த ரெண்டு பேரும் பொய் சொல்ல மாட்டாங்க. பார்க்கறதைத்தான் சொல்லுவாங்க. அவங்க பார்த்தது நல்ல நாடி, நல்ல மூச்சு. நோயே இல்லாத ஒரு ஆள் அசந்து தூங்கற மாதிரி. போன வாரம் பூரா மத்தியானத்துல அப்படித்தான். நான் முட்டாள், அப்பாவுக்குத் தேறுதுன்னு இனிப்பு வாங்கிக் குடுத்தேன்.” அவன் இப்போது அவளை நேராகப் பார்த்தான். “அக்கா, நீ உள்ள போனப்போ கிளிப்பு அப்பா விரல்லதான் இருந்துச்சா?”

சின்ன வயதில் கண்ணாடி உடைந்தாலும் பூந்தொட்டி உடைந்தாலும் இதே மாதிரிதான் கேட்பான். அவளுக்குப் பொய் வராது என்று அவனுக்குத் தெரியும். வேனில் வருகிற பிள்ளைகளுக்கே தெரியும்.

“இருந்துச்சு” என்றாள்.

அவன் பார்வையை எடுக்கவில்லை. அவள் காலடியில் ஊர்ந்த எறும்பைப் பார்த்தாள். தான் சொன்ன அந்த ஒற்றை வார்த்தை அப்பனைக் கொன்ற பழியை முழுசாகத் தம்பி தலையில் தூக்கி வைத்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ‘இல்லடா’ என்று கத்தவேண்டும்போல இருந்தது.

“சரிக்கா” என்றான் அவன். லேப்டாப்பை மூடினான்.

அப்போதுதான் அம்மா பின்வாசலுக்கு வந்தாள். எவ்வளவு நேரமாகக் கதவுக்குப் பின்னால் நின்றாளோ தெரியாது. கையில் எச்சில் டம்ளர்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி. பின்வாசலை ஒட்டியிருந்த குழாயடிக்குப் போனவள், குழாயைத் திறக்காமல் நின்றாள்.

“அது ஏன்டா கத்தல?” என்றாள்.

தம்பி எழுந்து நின்றான்.

“ஒண்ணு கத்துச்சும்மா. மத்தது ரெண்டும் அதை அமுக்கிடுச்சு.”

“அதுங்க ஏன் அமுக்கணும்?”

“அப்பா நல்லா இருக்கார்னு நினைச்சுடுச்சுங்க.”

அம்மா டம்ளர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “அதுங்களுக்கு அப்படி யாருடா தப்பாச் சொன்னது?”

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. தம்பி லேப்டாப்பைப் படியில் வைத்தான். தன் புரோகிராமில் ஒரு புள்ளி தப்பு என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறவன் அவன். மேலதிகாரி சொன்னாலும் விடமாட்டான்.

“யாரும் சொல்லலம்மா” என்றான். “மெஷின்தான். பழுதாயிடுச்சு. நான் சரியாச் செய்யல.”

“நீ செய்யலையா?”

“ஆமாம்மா. நான்தான்.”

அம்மா தலையை ஆட்டினாள். நம்பினாளா, நம்பவில்லையா, அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. குழாயைத் திறந்தாள். டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தாள். நான்கு விரலால் தேய்த்தாள், நான்கு விரலால் அலசினாள். ஆள்காட்டி விரலை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி நீட்டிப் பிடித்திருந்தாள். அதில் ஏதோ மாட்டியிருப்பதுபோல, அது நனைந்தால் யாரோ வந்து திட்டுவார்கள் என்பதுபோல.

அக்கா பார்த்தாள். தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“குடும்மா, நான் கழுவறேன். நீ போய்ப் படு” என்று போய் அவள் பக்கத்தில் நின்றான். டம்ளருக்குக் கையை நீட்டினான். “ஒருத்தர் முழிச்சாப் போதும்.”

அம்மா டம்ளரைக் கொடுத்தாள். ஆனால் நகரவில்லை. அவன் கழுவக் கழுவ, ஈரக் கையோடு பக்கத்திலேயே நின்றாள், அந்த ஒரு விரல் மட்டும் நனையாமல்.